மழுங்கும் வாள்கள்

அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம், கடைசிச் சண்டைக்கு முன் ஏழு சாமுராய்களில் ஒருவனான கிக்குச்சியோ வாள்களை உருவி மண்ணில் குத்தி வைப்பது. வெட்ட வெட்டக் கூர் மழுங்கும்; ஒரு வாள் போதாது. கதைகளில் வாளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. அங்கே அது வீரனின் மானம், குலச்சொத்து. ஆனால் உண்மையான ஜப்பானியப் போர்க்களங்களில் சாமுராய் முதலில் நம்பியது வில்லை, பிறகு நீண்ட ஈட்டியை. 1543-இல் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கியும் வந்துவிட்டது. வாள் நெருக்கடிக்கென்று இடுப்பில் கிடந்தது. படத்தில் சாமுராய்கள் உழவர்களுக்குப் பழக்குவதும் மூங்கில் ஈட்டிதான். சாகும் சாமுராய்கள் நான்கு பேரும் துப்பாக்கிக் குண்டுக்கே விழுகிறார்கள். குரோசாவா இதில் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. அவர்களில் ஒருவன் கியூசோ, வாள்வித்தையில் அந்த ஏழு பேரிலும் தேர்ந்தவன்.