டுமாரோ நெவர் நோஸ் (பாடல்)

டுமாரோ நெவர் நோஸ் என்பது இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1966 ஆகஸ்டில் வெளியிட்ட 'ரிவால்வர்' இசைத்தொகுப்பின் இறுதிப் பாடல். சைகடெலிக் ராக் இசையின் முன்னோடிப் பாடல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இவ்வகை இசையைப் போதையின் இரைச்சல் என்று ஒதுக்குவோர் உண்டு. இப்பாடலின் வரிகளுக்கு எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருள்களின் அனுபவத்தைப் பேசும் நூல் ஒன்று தூண்டுதலாக இருந்தது உண்மையே. ஆனால் இதன் ஒலி, லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தெளிந்த மனத்துடன் செய்த உழைப்பில் உருவானது. ஒலி பதிந்த காந்த நாடாக்களின் முனைகளை ஒட்டி வளையங்களாக்கி, பல கருவிகளில் ஒரே நேரத்தில் சுழலவிட்டனர். பொறியாளர் ஜெஃப் எமரிக், ஜான் லெனனின் குரலைப் பிற்பகுதியில் ஆர்கன் இசைக்கருவிக்குரிய சுழலும் ஒலிபெருக்கி வழியே செலுத்தினார்.

மெட்டு மிக எளியது. முணுமுணுத்து மகிழ ஏற்றதன்று. பாடலின் வலிமை வேறிடத்தில் உள்ளது. ரிங்கோ ஸ்டாரின் மாறாத தாளமும் தம்பூராவின் சுருதியும் சிதறும் ஒலிகளைக் கட்டிக் காக்கின்றன. அவை இல்லையெனில் மிஞ்சுவது குழப்பமே. புதிதாகக் கேட்பவர் முதலில் தாளத்தை மட்டும் பின்தொடரலாம். இரைச்சலாகத் தோன்றியதில் உள்ள ஒழுங்கு மெல்லப் புலப்படும்.