சாய்ந்த கோடும் நேரான மரமும்

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களிடம் போட்டோ கேட்டால் மூன்று படங்கள் நிச்சயம் வரும். டிரோனில் மேலேயிருந்து எடுத்த கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று. ஆகாயகங்கை அருவி முன்னால் நனைந்த சட்டையோடு குரூப் போட்டோ ஒன்று. மூன்றாவது, கேமராவையே கோணலாகப் பிடித்து எடுத்த பைக். மூன்றிலும் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மலை!

காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், இருபதாவது வளைவுக்குள் யாராவது எலுமிச்சம்பழம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வயிற்றுப் புரட்டல் டிரோன் படத்தில் எங்கே? ரிப்பன் பக்கோடா மாதிரி சாலை மடிந்து கிடக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நேர் மேலேயிருந்து பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். படம் முழுக்க சாய்ந்த கோடுகள், சரிவு மட்டும் காணோம். என்ன வேடிக்கை பாருங்கள்.

போட்டோகிராபி வகுப்புகளில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். படுக்கைக் கோடு அமைதி, செங்குத்துக் கோடு கம்பீரம், சாய்ந்த கோடு இயக்கம். காரணம் ரொம்ப எளிது. சாய்ந்து நிற்கிற எதுவும் அப்படியே இருக்காது. விழப் போகிறது, இல்லை ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம் கண்ணுக்கு அனுபவத்தில் தெரியும். வகுப்பில் சொல்லாமல் விட்டுவிடுவது ஒன்று உண்டு. எது நேர் என்று தெரிந்தால்தான் எது சாய்வு என்று தெரியும்.

ரஷ்யாவில் அலெக்சாந்தர் ரோத்சென்கோ என்று ஒருவர். வயிற்றுக்கு நேரே கேமராவைப் பிடித்து எல்லோரும் ஒரே மாதிரி எடுக்கிறார்களே என்று அலுத்துப்போனவர். 1930-ல் ஒரு படம் எடுத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும் ஒரு பெண். படிகளும் அவற்றின் நிழல்களும் சட்டத்துக்குள் சாய்வாக ஓட, அந்தப் பெண் தனியாக அவற்றைக் கடக்கிறாள். நேராக எடுத்திருந்தால் வெறும் பட்டைகள். அவர் சாய்த்ததற்குக் காரணம் இருந்தது.

1949-ல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்திலும் கேமரா அடிக்கடி சாயும். போரில் இடிந்த வியன்னா, யாரை நம்புவது என்று தெரியாத ஊர், சாயட்டும். அதைப் பார்த்துவிட்டு வில்லியம் வைலர், டைரக்டர் கேரல் ரீடுக்கு ஒரு ரசமட்டம் அனுப்பி, 'அடுத்த படத்துக்கு இதைக் கேமரா மேல் வைத்துக்கொள்ளுங்கள்' என்றாராம். கொத்தனார் வைத்திருப்பாரே, அதே ரசமட்டம்தான்.

நம் கொல்லிமலை பைக் படத்துக்கும் ஒன்று அனுப்பலாம். ஏனென்றால் அங்கே பொய் உடனே மாட்டிக்கொள்ளும். காபித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றனவே, அவை தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக நிற்பவை. தரை எவ்வளவு சரிந்தாலும் மரம் சரிவைப் பார்த்து வளர்வதில்லை, வானத்தைப் பார்த்துத்தான் வளர்கிறது. கேமராவைச் சாய்த்தால் பைக் ஏறுகிற மாதிரி தெரிவதற்கு முன்னால் தோட்டமே புயலில் சாய்ந்த மாதிரி தெரிகிறது. அருவியும் அப்படியே. தண்ணீருக்குக் கோணலாக விழத் தெரியாது, பாவம்.

ஆனால் அதே மரம்தான் உதவிக்கும் வருகிறது. கேமராவை மட்டமாகப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். நேரான ஒரு மரம், அதன் காலடியில் சாய்ந்து போகும் சாலை. அவ்வளவுதான், எவ்வளவு ஏற்றம் என்பது தானாகத் தெரிந்துவிடும். சாலை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கச்சிதமாகப் போக வேண்டாம்; மைசூர்பாகை வெட்டினது போல் படம் இரண்டாகிவிடும். கோட்டின் போக்கில் ஒரு பஸ்ஸோ ஆளோ இருந்தால் நல்லது, கண் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடாது.

அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளிலும் இதே சங்கதி. எதிரே நின்று எடுத்தால் கோடு போட்ட நோட்டு. பக்கத்தில் நின்று கைப்பிடிக் கம்பியைச் சேர்த்துக்கொண்டால், திரும்பி ஏறுகிறவரின் முழங்கால் வலி வரைக்கும் வந்துவிடும்.

பக்கவாட்டில் நிற்கும் வித்தை இந்த மலைக்குப் புதுசு இல்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. புறநானூற்றின் 152-வது பாட்டில் வன்பரணர் சொல்லும் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்துப் புற்றில் கிடக்கும் உடும்பில் போய் நிற்கிறது. வில்வித்தை நம்பும்படி இருக்கிறதா என்பதை விடுங்கள். உயரங்களைக் கவனியுங்கள். யானையில் ஆரம்பித்துத் தரைமட்டம் வரை ஒரே சாய்ந்த கோடு. ஓரிக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தால் புலவருக்கு யானையின் உடம்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு உண்மையான குறை சுற்றுலாப் படங்கள் மேல் இல்லை. சாமையும் தினையும் விளைந்த காடுகளின் படங்கள் மேல். கொல்லிமலையில் சிறுதானியம் குறைந்து மரவள்ளி பெருகியதைப் பற்றி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. இந்தச் செய்திகளோடு வரும் போட்டோக்களைப் பாருங்கள். கதிரைக் கையில் பிடித்துச் சிரிக்கும் பெண், பின்னால் மங்கலான பச்சை. தஞ்சாவூர் வயலில் எடுத்தது என்றாலும் நம்பலாம். அந்த அம்மா நிற்பது நிற்கவே சிரமமான சரிவு என்பதோ, அறுத்ததை அதே சரிவில் தலையில் வைத்துச் சுமக்கிறார் என்பதோ எங்கேயும் இல்லை. போட்டோகிராபர் நாலடி தள்ளிப்போய், காட்டின் ஓரத்தையும் ஒரு மரத்தையும் சேர்த்து எடுத்திருக்கலாம். அந்தச் சிரிப்பும் அப்படியே இருந்திருக்கும்.