பெயரில்லாச் சுருக்கம்

ரசிகர்கள் தமக்குள் நடத்தும் ‘பிக் பேங்’ என்னும் விழாவில், தாம் நேசிக்கும் நாவலையோ தொலைக்காட்சித் தொடரையோ ஆதாரமாகக் கொண்டு நெடுங்கதை புனைகிறவர்கள், வரைவு ஓரளவு முதிர்ந்ததும் அதன் சுருக்கத்தை நடத்துநரிடம் ஒப்படைக்க, அவர் பெரும்பாலும் ஆசிரியர் பெயரை மறைத்தே அதனைச் சித்திரக்காரர்கள் முன் வைக்கிறார். எழுதியவரின் கீர்த்தியைப் பாராமல், கதையின் ரசம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு அவர்கள் தமக்குரியதைத் தெரிந்தெடுக்கும் அந்த ஏற்பாடு என் மனத்துக்கு மிகவும் உகந்தது.

இம்முறையைத் தலைகீழாக்கி, சித்திரம் முந்திப் பிறக்க, கதை அதனைத் தொடரும் விழாக்களும் உண்டு. (1836-இல் ஓவியர் ராபர்ட் ஸீமோரின் படங்களுக்கு வாசகம் எழுத அமர்த்தப்பட்ட இளைஞர் டிக்கன்ஸ், விரைவிலேயே படங்களைப் பின்தள்ளிப் ‘பிக்விக்’ நாவலைத் தமதாக்கிக்கொண்டது வேறு விஷயம்.)

எழுத்தாளரும் சித்திரக்காரரும் ஜோடி சேர்ந்த பின்னரே பரீட்சை. நாயகியின் தழும்பு எந்தக் கன்னத்தில் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு, எந்தக் காட்சியைத் தீட்டுவது என்ற சுதந்திரத்தைச் சித்திரக்காரருக்கே விட்டுவிடும் எழுத்தாளர், அவர் அனுப்பும் பென்சில் கோட்டுருவத்தைக் கண்டு தம் அத்தியாயத்தையே திருத்த முற்படுவதுமுண்டு; கட்டளைப் பட்டியல் நீட்டுகிறவருக்கோ கட்டளைக்கேற்ற படமே கிடைக்கும். இடையில் சித்திரக்காரர் மௌனமாகிவிட்டால், கடைசி வாரத்தில் மாற்று ஓவியரைத் தேடி அலையும் சிரமம் நடத்துநருடையது. அவரைப் பாராட்டுவோர் அபூர்வம்.