எல்298என் மோட்டார் டிரைவர்: வெப்பமாகப் போகும் வோல்ட்

எல்298என் மோட்டார் டிரைவர் போர்டில் முதலில் கண்ணில் படுவது கறுப்பு ஹீட் சிங்க். அதன் அளவே போர்டின் குணத்தைப் பாதி சொல்லிவிடும். அதில் திருகப்பட்டிருக்கும் 15 கால் சிப், எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் பழைய வடிவமைப்பு. உள்ளே இரண்டு எச் பிரிட்ஜ்கள். இரண்டு டிசி மோட்டார்களை முன்னும் பின்னும் ஓட்டலாம். அல்லது ஒரு ஸ்டெப்பர் மோட்டாரை இயக்கலாம். ஆர்டுயினோ உனோவின் ஒரு பின்னிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 20 மில்லி ஆம்பியர்தான். பொம்மை மோட்டாருக்குக்கூட அது காணாது. அதனால்தான் நடுவில் இப்படி ஒரு போர்டு.

பயன்படுத்துவது எளிது. ஐஎன்1-க்கு 5 வோல்ட், ஐஎன்2-க்குப் பூஜ்யம் கொடுத்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் மோட்டார் பிரேக் போட்டதுபோல் நிற்கும். இஎன்ஏ பின்னை அணைத்தால் தானாக ஓய்ந்து நிற்கும். வேகத்தைக் குறைக்க, இஎன்ஏ மீதுள்ள ஜம்பரை எடுத்துவிட்டு அங்கே பிடபிள்யூஎம் சிக்னலைக் கொடுக்க வேண்டும். உனோவின் பெரும்பாலான பின்களில் அது 490 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் ரீங்கரிக்கும், அது பழுதல்ல. ஆர்டுயினோவின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் இணைக்கப்படாவிட்டால் சிக்னலை நம்ப முடியாது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

அடுத்த தடுமாற்றம் 5 வோல்ட் ஜம்பர். அது இருந்தால், போர்டிலுள்ள 78எம்05 ரெகுலேட்டர் மோட்டார் சப்ளையிலிருந்தே 5 வோல்ட்டை உண்டாக்கும். சப்ளை 12 வோல்ட்டைத் தாண்டினால் ஜம்பரை எடுத்துவிட்டு, 5 வோல்ட்டை வெளியிலிருந்து தர வேண்டும். ரெகுலேட்டருக்கு ஏறத்தாழ 7 வோல்ட்டாவது வேண்டும் என்பதால், 6 வோல்ட் பேட்டரியில் அதை நம்புவதும் சரியல்ல.

உண்மையான குறை சிப்பின் உள்ளேதான். இதில் இருப்பவை மாஸ்ஃபெட்கள் அல்ல, பைபோலார் டிரான்சிஸ்டர்கள். மின்னோட்டம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டைக் கடந்தாக வேண்டும். 1 ஆம்பியரில் இந்த வழியில் சுமார் இரண்டரை வோல்ட் வெப்பமாகப் போகும். 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரை போகலாம். 12 வோல்ட் சப்ளையில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு பென்டார்ச் செல்களின் 6 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது மூன்றரைதான். ஆனால் தொடக்கநிலை ரோபோ கார்களில் இந்தப் போர்டையே செல்களோடு பூட்டுகிறார்கள். கார் ஏன் தள்ளாடுகிறது என்று நிரலில் தேடுவது வீண்.

அந்த வேலைக்கு டோஷிபாவின் டிபி6612எஃப்என்ஜி பொருத்தம். மாஸ்ஃபெட் என்பதால் 1 ஆம்பியரில் அரை வோல்ட் அளவே இழப்பு. ஹீட் சிங்க் தேவையில்லை. ஆனால் அதன் உச்சவரம்பு 15 வோல்ட், ஒரு மோட்டாருக்குச் சராசரி 1.2 ஆம்பியர். எல்298 சிப் 46 வோல்ட் வரை தாங்கும். 24 வோல்ட் மோட்டாரை 1 ஆம்பியருக்குள் ஓட்டுபவருக்கு எல்298என் இன்றும் நல்ல தேர்வே. ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர் என்று சொல்லப்படும் அளவை மட்டும் அப்படியே நம்பக்கூடாது: இரு மோட்டார்களும் அதே அளவில் ஓடினால் 15 வாட்டுக்கு மேல் வெப்பம் எழலாம், அந்தச் சிறிய ஹீட் சிங்க்கால் அதை வெளியேற்ற இயலாது.

மின்னோட்டத்தை அளக்க சிப்பில் சென்ஸ் பின்கள் உண்டு. மலிவு போர்டுகளில் அவற்றை நேராகக் கிரவுண்டில் இணைத்துவிடுகிறார்கள். சக்கரம் சிக்கி மோட்டார் நின்றாலும் ஆர்டுயினோவுக்குத் தெரியாது. சிப்பில் வெப்பக் காப்பு இருக்கிறது, மிகை மின்னோட்டக் காப்பு இல்லை. சப்ளை கம்பியில் ஒரு ஃபியூஸ் போடுவது அவசியம்.