நிற்காத பேருந்தும் நிறுத்தப்படும் வண்டியும்

‘ஜெய் பீம்’, ‘கர்ணன்’ இரண்டும் 2021இல் வந்த படங்கள். இரண்டைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச வருவது ஒரே ஒரு விஷயத்தை: போலீஸ்காரன் கேட்கும் முதல் கேள்வி.

‘ஜெய் பீம்’ சிறை வாசலில் தொடங்குகிறது. விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. ஆதிக்கச் சாதியைச் சொன்னவன் வீட்டுக்குப் போகிறான். மற்றவர்களை ஓரங்கட்டி, முடியாத வழக்குகளைத் தலையில் கட்ட ஸ்டேஷன்காரர்கள் பங்கு போடுகிறார்கள். ‘கர்ணன்’ படத்தில் நிற்காத பேருந்தை ஊர் இளைஞர்கள் உடைக்கிறார்கள். விசாரிக்க வரும் அதிகாரியை அதைவிட உறுத்துவது துரியோதனன் என்கிற பெயரும் அவிழாத தலைப்பாகையும்தான். இரண்டிலும் ஆள் யார் என்பது முதலில் முடிவாகிறது. குற்றத்தைப் பிறகு தேடிக்கொள்கிறார்கள்.

ஆரல்வாய்மொழிக்காரனான எனக்கு இந்தக் கேள்வி சாலையிலேயே பழக்கம். மலைக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிற சாலை. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேரும்வரை இங்கே ஒரு மாநில எல்லை இருந்தது. எல்லை போய்விட்டது. ஆளைப் பார்த்து வண்டியை நிறுத்துகிற வழக்கம் இந்த ஜில்லாவைவிட்டுப் போகவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன் செங்கல் சூளையில் மூணு வருஷம் கல் அறுத்து பைக் வாங்கினான். வழியில் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். ஹெல்மெட், லைசன்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரி. சீருடையிலுள்ள போலீஸ்காரர் லைசன்ஸ் கேட்கலாம் என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவு சொல்கிறது. கேட்கட்டும், காட்டுவோம். ஆனால் அதோடு விடவில்லை. “எந்த ஊருலே?” சொன்னான். “ஊருல எங்க?” தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். அப்புறம், “யாருக்க வண்டிலே இது?”

“எனக்க வண்டிதான் சார்” என்றதற்கு அரைமணி நேரம் வெயிலில் நின்றான். மூணுபேர் ஏறி வந்த இன்னொரு வண்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் அபராதமும் இல்லை, ரசீதும் இல்லை. “போலே” என்று ஒரு சொல். இப்போது அவன் சூளைக்கு நடந்து போகிறான். பைக் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.

“யாருக்க வண்டி” என்பது பழைய கேள்வி. 1893இல் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலைக்கு வந்தார். சாலை இருந்தது, வண்டியும் இருந்தது. அதில் உட்கார்ந்தவர் யார் என்பதுதான் தகராறு. 1926இல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக எழுதிவைத்தது. அது ரத்தானது 1952இல். சட்டம்தான் ரத்தானது.

‘ஜெய் பீம்’ மீது என் விமர்சனம் இதுதான். சிறை வாசலில் தொட்ட இந்த அன்றாடத்தைப் படம் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சாவுக்கும் ஒரு வக்கீலுக்கும் போய்விடுகிறது. அந்தச் சாவு நிஜம். 1993இல் போலீஸ் கொன்ற ராஜாக்கண்ணு குறவர்; படம் அவரை இருளராக மாற்றியது. அதுவே தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் சாவு விழுந்தால்தான் கதையா? அரைமணி நேரம் வெயிலில் நின்றவனுக்கு ஆட்கொணர்வு மனு கிடையாது, எஃப்.ஐ.ஆர். கிடையாது. அதனால் சினிமாவும் கிடையாது. நிற்க வேண்டிய பேருந்து நிற்காததைக் ‘கர்ணன்’ சொல்லிற்று. போக வேண்டிய வண்டி நிறுத்தப்படுவதை யார் சொல்வது?

நாம்தான் சொல்ல வேண்டும். லாக்கப் கொடுமைக்கு நம்மிடம் சாட்சியங்கள் உண்டு. லாக்கப் வரை போகாத இந்தச் சின்ன அவமானங்களுக்கு ஏடே இல்லை. மாணவத் தோழர்கள் இதை ஒரு வேலையாக எடுக்கலாம். நாள், நேரம், இடம், கேட்ட கேள்வி, நிறுத்திவைத்த நிமிஷம், கூடவே விட்டனுப்பிய வண்டி. அலங்காரம் எதுவும் வேண்டாம். ரசீது தராமல்தானே அனுப்புகிறார்கள்? அந்த ரசீதை நாமே எழுதுவோம்.