பின்வாசல் வழியே ஒரு நகரம்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் மாளிகைகளையும் கடைவீதிகளையும் கொண்டு அளப்பதே வழக்கம். அதனைக் கொல்லைப்புறத்திலிருந்து நோக்கிய நாவல்கள் மிகச் சில. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘தோட்டியின் மகன்’ அச்சிலவற்றுள் தலையாயது.

களம் ஆலப்புழை. வளர்ந்துவரும் அந்நகரின் வீடுகளில் சேரும் மலத்தை நாள்தோறும் வாளியில் அள்ளிச் சுமந்து, வண்டியிலேற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் தமிழ்த் தொழிலாளரின் கதை இது. இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, பேரன் மோகன் என மூன்று தலைமுறைகள் இதில் வருகின்றன.

நூலின் உயிர் சுடலைமுத்துவிடம் இருக்கிறது. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பது அவன் ஒரே வேட்கை. பிள்ளைக்கு மோகன் என்று பெயரிடுகிறான், ஊர் நகைக்கிறது. காசு காசாகச் சேர்த்து நகரசபைத் தலைவரிடம் ஒப்படைக்கிறான், அது திரும்பவில்லை. அந்த வேட்கைக்காகவே சங்கத்தை உடைக்கிறான். உடன் உழைத்த தோழனுக்கும் துரோகம் இழைக்கிறான். இத்தனைக்குப் பிறகும் அவனை நம்மால் வெறுக்க முடியவில்லை. தகழி அவனைத் தீயவனாகவும் தியாகியாகவும் ஆக்காமல் தந்தையாகவே விட்டுவைத்தது பெரிய சாதனை. கொள்ளைநோய் அவனைக் கொண்டுசென்றபின், மகன் கையிலும் அதே வாளி ஏறுகிறது.

குறையும் உண்டு. மூன்றாம் தலைமுறை வந்ததும் நடை விரைகிறது. மோகன் நம் கண்முன் மனிதனாக வளருமுன்னே போராட்டத்தின் கொடியாகிவிடுகிறான். தந்தையிடம் கண்ட மனப்போராட்டத்தை மகனிடம் காண்பதற்கில்லை.

வீட்டுக்காரர்கள் தெளிவாகத் தீட்டப்படவில்லை என்று சிலர் குறை கூறலாம். அதனை நாம் ஏற்பதற்கில்லை. பின்வாசலில் நிற்பவனுக்கு வீட்டின் உள் தெரிவதில்லை. வீட்டாருக்கோ அவன் முகம் தெரிவதில்லை. நாவல் அந்த இடத்தில் நின்று பேசுவதே அதன் நேர்மை.

கையால் மலம் அள்ளச் செய்வதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடையை இறுக்கியது. ஆயினும் நாம் கலந்து வீசும் எச்சிற்சோற்றையும் கண்ணாடித் துண்டையும் பிரிப்பது இன்றும் யாரோ ஒருவர் கையே. குப்பை போய்ச் சேரும் இடமும் யாரோ ஒருவர் ஊரே.

இவ்வுண்மையை அதே ஆலப்புழை பின்னாளில் உணர்ந்தது. நகரின் குப்பை கொட்டப்பட்ட சர்வோதயபுரத்து மக்கள் எதிர்த்தெழ, வண்டிகளுக்கு வழியடைத்தது. 2012 முதல் நகரசபை வீடுகளிலேயே குப்பையைத் தரம் பிரிக்கவும், சாண எரிவாயுக் கலன் போன்ற கலன்களாலும் உரத்தொட்டிகளாலும் மட்கும் கழிவை அங்கேயே தீர்க்கவும் முனைந்தது. 2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு இம்முயற்சியைப் பாராட்டியது.

மோகனின் போராட்டம் ஆள்வோரை நோக்கிச் சென்றது. சர்வோதயபுரத்தாரின் கேள்வியோ ஒவ்வோர் அடுக்களையையும் நோக்கி வந்தது. நம் இல்லத்துப் பெண்டிரும் பிள்ளைகளும், முக்கியமாக ஆடவரும், இந்நாவலைப் படித்தல் வேண்டும். படித்து முடித்த அன்றிரவு எச்சிலையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே கூடையில் எறிய அவர்கள் கை தயங்குமாயின், அந்நூலை நன்கு படித்தார்கள் என்போம்.