அழகர் மூட்டையோடு இருங்காட்டுக்கோட்டைக்கு

ரேஸ் பார்க்கப் போவதில் பாதி சுகம் பை கட்டுவதில் இருக்கிறது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சனி, ஞாயிறு இருங்காட்டுக்கோட்டையில் தேசிய பைக் பந்தயம் என்று தெரிந்துவிட்டால் எனக்குப் புதன்கிழமையே கை பரபரக்கும். பரணில் கிடக்கும் பையை இறக்கி, உதறி, வெயிலில் போட்டுவிடுவேன். "கார் வட்டம் அடிக்கிறதப் பாக்க நானூத்தம்பது கிலோமீட்டரா?" என்று அம்மா கேட்பார். "கார் இல்லம்மா, இந்த வாரம் பைக்கு" என்பேன். அந்தப் பதில் அவரை ஒருநாளும் சமாதானப்படுத்தியதில்லை.

மதுரைக்காரனுக்குப் பெரிய ரேஸ் டிராக் என்றால் மனசில் நிற்பது இரண்டு. ஒன்று கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்து நம்மூரிலேயே ஃபார்முலா கார் கட்டிக் காட்டிவிட்டு, 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயர் அதற்கு. இன்னொன்று, 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் போட்டு 1990-ல் திறந்த தடம். 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு அது என்றைக்கும் இருங்காட்டுக்கோட்டைதான்.

நான் அடித்துச் சொல்வேன்: திறந்தவெளியில் உட்கார்ந்து ரேஸ் பார்க்க மதுரைக்காரனைவிடத் தகுதியானவன் கிடையாது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரி முழுக்க வைகைக் கரையில் கிடக்கிறோம். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். அழகரின் தங்கக்குதிரை கண்ணுக்குத் தெரிவதென்னவோ சில நிமிடங்கள். அதற்காக எந்தச் செருப்பு, எத்தனை பாட்டில் தண்ணீர், புளியோதரையா எலுமிச்சையா என்று வீட்டுக்கு வீடு ஒரு சாஸ்திரமே இருக்கிறது. ரேஸும் அப்படியே. சின்ன பைக் தடத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய இரண்டு நிமிடம். நம் கண்ணெதிரே அது பாய்ந்து போவது இரண்டு மூன்று விநாடி. மற்றதெல்லாம் காத்திருப்பும் வெயிலும். ஆகவே என் ரேஸ் பை, எங்கள் வீட்டு அழகர் மூட்டையின் ஒன்றுவிட்ட தம்பி.

முதலில் போவது சுங்குடி. விளக்குத்தூண் பக்கம் வாங்கிய பழைய சுங்குடிச் சேலையை இரண்டாகக் கிழித்து ஓரம் தைத்தது. நூறு தடவை துவைத்த பருத்தி, பூ மாதிரி இருக்கும். நனைத்துப் பிழிந்து தலையில் போட்டு, ஒரு நுனியைப் பிடரியில் தொங்கவிட்டுவிட்டால், கேலரியின் சிமென்ட் படியில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கிற அனல் காற்றே கழுத்தில் குளிர்ச்சியாக இறங்கும். அரை மணியில் காய்ந்துவிடும், திரும்ப நனை. விலை உயர்ந்த தொப்பிகளைப் போட்டுக்கொண்டு வந்த சென்னை நண்பர்கள் மத்தியானம் என்னிடம் மறுபாதியைக் கேட்கிறார்கள். அதற்காகத்தானே இரண்டாகக் கிழித்தது! குடை மட்டும் வேண்டாம். பின்வரிசைக்காரர் வாயில் விழ நேரிடும், அதுவும் கடைசிச் சுற்றில்.

சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை: பொடி இட்லி. இட்லி ஆறியபின் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் நெருக்கி அடுக்கிக் கட்ட வேண்டும். வெள்ளி ராத்திரி ரயிலில் திறக்கக் கூடாது; சனிக்கிழமை காலை குவாலிஃபையிங் நடக்கும்போது பிரிக்க வேண்டும். அதற்குள் எண்ணெய் உள்வரை இறங்கி இலை வாசம் ஏறியிருக்கும். ஒரு காதில் பைக் இரைச்சல், நாக்கில் எள் காரம். ஆகா! சட்னி, சாம்பார், தயிர்சாதம் எதையும் இந்த வெக்கையில் நம்பக் கூடாது. மத்தியானத்துக்குப் புளியோதரை. குடிக்கத் தண்ணீர், ஒரு சின்ன பாட்டில் நன்னாரி சர்பத், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கை மாற்றாதீர்கள்.

காதுக்குப் பஞ்சு போதாது. மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி, காதைப் பின்னால் இழுத்துச் செருகினால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். ரேஸ் வண்டி பக்கத்தில் போகும்போது சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த அளவுச் சத்தத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மறந்தால் நான் சண்டைக்கே வருவேன்.

உடுப்பு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, முடிந்தது.

பையின் ராஜா ஒரு நோட்டு. நீளவாக்கில் பைண்டு செய்த கணக்கு நோட்டு, கூடவே இரண்டு பென்சில். பேனா ஆகாது, வியர்வையில் மை கரையும். பக்கத்தில் கட்டம் போட்டு, மேலே சுற்று எண்களை எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு சுற்றும் வண்டிகள் கோட்டைக் கடக்கும் வரிசையில் அவற்றின் எண்களைக் கீழே கீழே குறிக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். முதல் சுற்றில் இருபது பைக்கும் ஒரே கொத்தாக வரும்போது செய்து பாருங்கள்! இதற்கு இரண்டு ஆள் வேண்டும். என் கூட்டாளி கூவுவான், நான் எழுதுவேன். "ஏழு! பதினொண்ணு! அறுபத்தஞ்சு... மாப்ள, நாப்பத்திரண்டக் காணோம்டா!" அவ்வளவுதான், நெஞ்சு அடித்துக்கொள்ளும். தலையைத் தூக்கி அங்கிட்டும் இங்கிட்டும் தேடுவோம். தூரத்து வளைவில் மஞ்சள் கொடி ஆடுகிறது. அடுத்த சுற்றில் நாற்பத்திரண்டு கடைசியாக, ஒரு பக்கம் மண் அப்பிக்கொண்டு, எழுந்து வருகிறது. கேலரியே கைதட்டுகிறது. பெரிய திரையில் ஓடும் எந்தப் பட்டியலும் இந்தச் சுகத்தைத் தராது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கொடிகளின் நிறம் எழுதி வைத்திருக்கிறேன், கூட வரும் புதியவர்களுக்காக. மஞ்சள் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்கும். நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது என்று. இவை அலங்காரமில்லை. 2023 ஜனவரியில் மூத்த வீரர் கே.இ.குமார் இதே தடத்தில் நடந்த கார் பந்தய விபத்தில் உயிரிழந்தார். நாள் முழுக்க வெயிலில் கொடியோடு நிற்கும் மார்ஷல்களைப் பார்க்கும்போது எனக்கு வீரர்களைவிட அவர்கள் மேல்தான் மரியாதை கூடுகிறது.

மழைக்கு ஒரு பாலிதீன் விரிப்பு, மடித்தால் கையளவு. ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தப் பக்கம் பகலெல்லாம் கொளுத்திவிட்டுச் சாயங்காலம் இடியோடு கொட்டும். 2024 ஆகஸ்ட் 31-ம் தேதி சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் கார்கள் ஓடத் தயாரானபோதும் மழைதான் முதலில் வந்து நின்றது. பிரிட்டனின் சில்வர்ஸ்டோனுக்குப் போகிறவர்கள் சேற்றுக்கென்றே பூட்ஸ் கட்டுகிறார்களாம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். சென்னைக்கு வடக்கே சோழவரமும் அதே போர் விட்டுப்போன ஓடுதளம்தான். இருங்காட்டுக்கோட்டை வரும்வரை நம்மவர்கள் ரேஸ் ஓட்டியது அங்கேதான். ஃபிரான்சில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கூடாரம், அடுப்பு சகிதம் குடும்பமே குடியேறிவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூந்தமல்லியில் ஒரு சித்தி இருந்தால் போதும்.

இப்போதெல்லாம் கூட வர இளவட்டங்கள் வரிசை கட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து இந்தக் காய்ச்சல். அவர்கள் பையில் பேனரும் விசிலும் மட்டும்தான் இருக்கும். பரவாயில்லை, என் பொடி இட்லி எல்லாருக்கும் வரும். அவர்களிடம் நான் பெருமையடிக்கும் சங்கதி ஒன்று உண்டு. 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கி மதுரையில் வேர்விட்ட தொழில் குடும்பத்தின் பெயரில்தான், 1982-லிருந்து ஒரு ரேஸ் அணி ஓடுகிறது. கிரிட்டில் டி.வி.எஸ். என்ற அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும், "நம்மூரு வண்டிடா" என்று கத்துவதற்கு எனக்கு முழு உரிமை இருக்கிறது. தொழிற்சாலை ஓசூரில் இருந்தால் என்ன!

சரி, அந்த இரண்டு மூன்று விநாடியைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? ஐந்து பைக்குகள் நேர்தடத்தின் கோடியில் புள்ளிகளாகத் தெரியும். சின்ன வண்டிகளில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டி வருகிறவர் அந்தக் காற்றில்லாப் பள்ளத்தில் சுலபமாக இழுபட்டு வருவார். அதனால் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பவருக்குத்தான் பயம் அதிகம். ஐவரும் டேங்கின்மேல் படுத்துக் கிடப்பார்கள். பிரேக் பிடிக்கும் இடத்தில் ஐந்து உடம்பும் ஒரே நேரத்தில் நிமிரும், பின்சக்கரங்கள் நெளியும், கியர்கள் படபடவென்று இறங்கும். முழங்கால் தரையை உரசச் சாய்ந்து போய்விடுவார்கள். பெட்ரோலும் சூடேறிய ரப்பரும் கலந்த வாசம் ஒரு நொடி கழித்துதான் நம்மை வந்து தொடும். அதற்குள் நான் எழுத்தில் இரண்டு எண் பின்தங்கியிருப்பேன், கூட்டாளி திட்டிக்கொண்டிருப்பான்.

ஞாயிறு சாயங்காலம் பரிசளிப்பு முடிந்ததும் தாம்பரம் போய் ரயிலேறினால் திங்கள் விடிகாலை மதுரை, பத்து மணிக்கு அலுவலகம். அடுத்த தடவை வருகிறவர்கள் சொல்லுங்கள், இட்லி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பென்சிலும் நானே தருகிறேன். கூவுவதற்குத் தொண்டை மட்டும் கொண்டுவாருங்கள்.